முதல் கேள்விக்கே ‘வேண்டாம்’ என்றவன்





சென்ற சனிக்கிழமை மாலை, நமது வாலிபர் கூடுகையின் முடிவில் ஒரு திரைப்படம் பார்த்தோம். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் படமாகிய ‘த டூ டவர்ஸ்’. 2002 டிசம்பரில் வெளியானது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடமே குறைவு. நான் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதினால், பிரசங்கத்துக்கு ஆயத்தப்பட வேண்டிய நேரம் எங்கே போகிறது என்று மூப்பர்கள் கேட்கக்கூடும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். படம் முடிந்தபின் எழுந்த விவாதம்தான் இந்த வாரச் சிந்தனைக்குக் காரணம்.

மூல நாவலையும் படித்திருந்த ஒரு தம்பி சொன்னான்: “ஐயா, புத்தகத்தில் வருகிற ஃபாராமிர் உண்மையான மனிதனைப்போல இல்லை. ஆசையே படாத ஆள் எங்கே இருக்கிறான்? படத்தில் வருகிறவனைத்தான் நம்ப முடிகிறது.” அங்கிருந்தவர்களில் பலர் தலையசைத்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே தலையசைத்தவன்தான். இன்று அதை மறுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீயவனாகிய சவ்ரோன் செய்த ஒரு மோதிரம் இருக்கிறது. அதை வைத்திருப்பவனுக்கு வல்லமை கிடைக்கும். ஆனால் அந்த வல்லமை அவனையே தின்றுவிடும். எதிரியின் தேசத்திலுள்ள எரிமலையில் எறிந்தால்தான் அது அழியும். அதைச் சுமந்து செல்கிறவன் ஃப்ரோடோ என்னும் குள்ளன். துணைக்குப் போகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம். முதல் படத்தில் இவர்களோடு வந்த கொண்டோர் நாட்டு வீரன் போரோமிர், தன் நகரத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த மோதிரத்தைப் பறிக்க முயன்று, மனங்கசந்து அழுது, மற்ற இரு குள்ளர்களைக் காக்கப் போராடி உயிர்விட்டான். இரண்டாம் கதையில் ஃப்ரோடோவும் சாமும் இதிலியன் காட்டில் ஒரு படைத்தலைவனிடம் அகப்படுகிறார்கள். அவன் ஃபாராமிர், போரோமிரின் தம்பி.

முதலில் இந்தப் படத்துக்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். ஆண்டி செர்கிஸ் நடித்த கோல்லும் என்ற ஒரு பாத்திரத்துக்காகவே இதை எத்தனை முறையும் பார்க்கலாம். மோதிரத்தை நெடுங்காலம் வைத்திருந்து மனிதத் தன்மையை இழந்துபோன அவனை, ஃப்ரோடோ அவனுடைய பழைய பெயரால் ‘ஸ்மீகல்’ என்று அழைக்கிறான். அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் முகத்தில் மறந்துபோன ஏதோ ஒன்று அசைகிறது. பிறகு ஓர் இரவில் அவனுக்குள் இருக்கும் இருவரும் வாதாடுகிறார்கள். பழையவன் புதியவனைத் துரத்துகிறான். துரத்திவிட்டுக் குழந்தையைப்போலக் குதிக்கிறான். ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் காட்சி என் நினைவுக்கு வரும். ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் மழையிரவில் நடக்கும் போரும் அப்படியே. காட்சி விளைவுகளுக்கும் ஒலித் தொகுப்புக்கும் இந்தப் படம் ஆஸ்கர் விருது பெற்றதில் வியப்பில்லை. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தின் மலைகளையும் சமவெளிகளையும் கொண்டு இந்த உலகத்தை உண்டாக்கிக் காட்டினார். இதற்கெல்லாம் நான் நன்றியுள்ள ரசிகன்.

ஆயினும் ஃபாராமிர் விஷயத்தில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1954இல் வெளிவந்த நாவலில் நடப்பது இது. அருவிக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு குகைக்கு ஃபாராமிர் இருவரையும் அழைத்துச் செல்கிறான். ஃப்ரோடோ எதையோ மறைக்கிறான் என்று அறிந்தும் அவனை வதைக்கவில்லை. தன் அண்ணன் எதற்காகவோ ஆசைப்பட்டு இடறியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறான். அந்தப் பொருள் என்னவென்று தெரியாமலே, அது வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். இரவு உணவுக்குப் பின் சாம் வாய்தவறி இரகசியத்தை வெளியிட்டுவிடுகிறான். உலகத்தின் மிகப்பெரிய ஆயுதம் தன் எதிரில், காவலற்ற இரண்டு குள்ளர்களின் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் ஃபாராமிருக்குத் தெரிகிறது. அவன் எழுந்து நிற்கிறான். குள்ளர்கள் நடுங்குகிறார்கள். அவனோ மெல்லச் சிரித்து மறுபடியும் அமர்கிறான். பொருள் என்னவென்று அறியாமல் சொன்ன வார்த்தையானாலும், அதைத் தான் செய்த பொருத்தனையாகவே எடுத்துக்கொள்வேன் என்கிறான். சில ஆபத்துகளைக் கண்டால் மனிதன் ஓடிவிட வேண்டும் என்று அறிகிற அளவுக்காவது தனக்கு அறிவு உண்டு என்கிறான். மோதிரத்தைப் பார்க்கவும் அவன் கேட்கவில்லை.

படத்திலோ அவன் வாளின் முனையால் ஃப்ரோடோவின் கழுத்திலுள்ள சங்கிலியைத் தூக்கி மோதிரத்தைப் பார்க்கிறான். தன் தகுதியைக் காட்டும் நேரம் வந்தது என்கிறான். நாவலில் ஏறக்குறைய அதே சொற்கள்தான், ஆனால் மறுக்கப் போகிறவனின் வாயில் வருகின்றன. படத்தில் பறிக்கப் போகிறவனின் வாயில் வருகின்றன. அவன் இருவரையும் கைதிகளாக ஒஸ்கிலியாத் என்னும் பாழடைந்த நகரத்துக்கு இழுத்துச் செல்கிறான், மோதிரத்தைத் தன் தகப்பனுக்குப் பரிசாக அனுப்புவதற்காக. அங்கே எதிரியின் தூதன் வானில் வர, ஃப்ரோடோ தன்வசமிழந்து அவனை நோக்கி நடக்க, சாம் பாய்ந்து தடுக்க, அதையெல்லாம் கண்ட பின்புதான் ஃபாராமிர் அவர்களை விடுவிக்கிறான்.

படத்தை எழுதியவர்கள் இதற்குச் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. மோதிரத்தின் கவர்ச்சியை ஒருவராலும் எதிர்க்க முடியாது என்று முதல் படம் முழுவதும் காட்டிவிட்டு, இரண்டாம் படத்தில் ஒருவன் வந்து எளிதாக வேண்டாம் என்றால் மோதிரத்தின் பயங்கரமே போய்விடும் என்றார்கள். நாவலின் இந்தப் பகுதியை முடித்துவைக்கும் சிலந்தியின் காட்சியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால், ஃப்ரோடோவின் பயணத்துக்கு இங்கே வேறொரு நெருக்கடி தேவைப்பட்டது என்றார்கள். திரைக்கதையின் கணக்கில் இவை நியாயமான விடைகள்தான்.

ஆனால் பிரியமானவர்களே, இந்த மாற்றம் ஒருவனோடு நிற்கவில்லை. படத்தைக் கூர்ந்து பாருங்கள். நாவலில் மரங்களை மேய்க்கும் எண்ட்கள் மூன்று நாள் ஆலோசனை செய்து, தாங்களே தீர்மானித்துச் சாருமானுக்கு எதிராகப் புறப்படுகிறார்கள். படத்தில் அவர்கள் கூடிப் பேசி, இது எங்கள் போர் அல்ல என்கிறார்கள். வெட்டி வீழ்த்தப்பட்ட மரங்கள் கிடக்கும் இடத்துக்கு பிப்பின் தந்திரமாக அழைத்துச் சென்ற பின்புதான் கோபங்கொள்கிறார்கள். நாவலில் ரோஹான் தேசத்து முதிய அரசன் தியோடன், மயக்கம் தெளிந்த அன்றே போருக்குக் குதிரை ஏறுகிறான். கோட்டை விழப்போகும் வேளையில், விடியலில் வெளியே பாய்ந்து போரிடுவோம் என்று அவனே சொல்கிறான். படத்தில் அவன் போரைத் தவிர்க்கப் பார்க்கிறான். கடைசி நேரத்தில் மனமுடைந்து நிற்கிறான். வெளியே பாய்வோம் என்று அரகோர்ன் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

மூன்று இடங்களிலும் மாற்றம் ஒரே திசையில்தான் நடந்திருக்கிறது. நாவலில் தாமாகவே நல்லதைத் தெரிந்துகொண்டவர்கள், படத்தில் முதலில் மறுத்து, பிறகு யாரோ ஒருவரால் தள்ளப்பட்டு நல்லதுக்கு வருகிறார்கள். ஒருமுறை என்றால் திரைக்கதையின் தேவை என்று விட்டுவிடலாம். மூன்று முறை வரும்போது அது ஒரு நம்பிக்கையாகவே தெரிகிறது: மனிதன் கேட்டவுடன் நன்மை செய்யமாட்டான், அப்படிச் செய்கிறவனைப் பார்வையாளர் நம்பமாட்டார்கள் என்னும் நம்பிக்கை. நம் தம்பி அந்த மாலையில் சொன்னதும் இதுவே.

இதனால் கதைக்கு என்ன நஷ்டம்? நாவலில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே நகரத்தை நேசிக்கிறவர்கள், ஒரே தகப்பனின் கடுமையை அறிந்தவர்கள். இருவர் முன்பும் ஒரே மோதிரம் வருகிறது. ஒருவன் விழுகிறான், மற்றவன் நிற்கிறான். நாவலாசிரியர் டோல்கீன் இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்தியதில்தான் அந்தப் பகுதியின் பொருள் இருக்கிறது. சூழ்நிலை மனிதனை நெருக்கலாம். ஆனால் முடிவு செய்வது சூழ்நிலை அல்ல. படமோ தம்பியையும் அண்ணனின் வழியிலேயே பாதி தூரம் நடத்திச் செல்கிறது. விழுந்து எழுந்தவனின் கதையைப் போரோமிரிடம் ஏற்கெனவே கண்டுவிட்டோம், அதுவும் மிக அழகாக. ஃபாராமிர் அதே கதையைச் சற்று மென்மையாகத் திரும்பச் சொல்கிறவனாகிவிட்டான். நின்றவனின் கதையைச் சொல்ல ஒருவரும் மீதியில்லை.

போராட்டம் இல்லாத நன்மையில் சுவை இல்லை என்று சொல்வோருக்கு ஒரு பதில் உண்டு. நாவலின் ஃபாராமிருக்குப் போராட்டம் இல்லாமல் இல்லை. அது மறுத்ததற்குப் பிறகு வருகிறது. அடுத்த பாகத்தில் அவன் தகப்பனாகிய டெனதோர், மோதிரத்தைக் கைவிட்டதற்காக அவனைக் கடிந்துகொள்கிறான். அண்ணனுக்குப் பதிலாக நீ செத்திருக்கலாம் என்னும் பொருள்பட அவன் முகத்துக்கு நேரே பேசுகிறான். நம் வேதாகமத்தில் யோசேப்பைப் பாருங்கள். போத்திபாரின் மனைவி அவன் வஸ்திரத்தைப் பிடித்தபோது அவன் அங்கே நின்று வாதாடவில்லை; வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சில நொடிகள். அதற்கு விலையாகச் சிறையில் கழித்ததோ ஆண்டுகள். யோசேப்பின் கதையைச் சுவையில்லாத கதை என்று சொன்னவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அப்படியானால் ஃபாராமிர் எப்படி அத்தனை எளிதாக மறுத்தான்? நாவலில் விடை ஒளிந்திருக்கிறது. அவசரமாகப் படித்தால் தவறிவிடும். மோதிரத்தைப் பற்றி அறிவதற்கு முன்னமே அவன் தன் வார்த்தையைக் கொடுத்திருந்தான். பொய்யால் கிடைக்கும் வெற்றி தன் நகரத்துக்கு வேண்டாம் என்று முன்னமே முடிவு செய்திருந்தான். இன்னொன்றும் உண்டு. அந்தக் குகையில் உணவு பரிமாறப்பட்டதும், உட்காருவதற்கு முன் ஃபாராமிரும் அவனுடைய வீரர்களும் மேற்குத் திசையை நோக்கிச் சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார்கள். தங்கள் முன்னோரின் இழந்துபோன தேசத்தையும், அதற்கும் அப்பால் என்றென்றும் நிலைத்திருப்பதையும் நினைத்து நிற்கிறார்கள். ஆலயமோ ஜெபமோ ஏறக்குறைய காணப்படாத அந்தப் பெரிய நாவலில் இப்படி ஒரு காட்சி வருவது அரிது. பக்தியுள்ள கத்தோலிக்கராகிய டோல்கீன் அதை அந்த அத்தியாயத்தில், சோதனைக்குச் சற்று முன்னே வைத்தார். படத்தில் அது இல்லை.

பரிசுத்த வாழ்க்கையைப் பற்றி நான் பல ஆண்டுகள் பிரசங்கித்தும் தெளிவாகச் சொல்ல முடியாததை அந்தச் சிறு மௌனம் சொல்லிவிடுகிறது. சோதனை வந்தபின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் முன்னமே எடுக்கப்பட்ட முடிவுதான். பாபிலோனில் ராஜாவின் போஜனம் மேசைக்கு வந்தபின் தானியேல் யோசிக்க ஆரம்பிக்கவில்லை. தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்பது அவன் இருதயத்தில் முடிந்துபோன காரியமாயிருந்தது. தினமும் உணவுக்கு முன் எழுந்து நின்று, தன்னிலும் பெரியதை நினைக்கிறவனுக்குத் தன் முன் வைக்கப்படும் பெரிய ஆயுதமும் அத்தனை பெரிதாகத் தெரிவதில்லை. ஃபாராமிர் ஆசையற்றவன் அல்ல, ஆயத்தப்பட்டவன்.

இனி, நானே ஏன் நெடுங்காலம் படத்தின் பக்கம் வாதாடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே எழுதியது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். தம் மகனுடைய பள்ளிச் சேர்க்கைக்கு, அந்தக் குடும்பம் ஒழுங்காக ஆராதனைக்கு வருகிற குடும்பம் என்று சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார். வருஷத்தில் ஒருமுறை, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் நான் பார்க்கும் முகங்கள் அவை. பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். ஒரு பிள்ளையின் படிப்புதானே, நல்ல காரியந்தானே என்று எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். போரோமிரும் தன் நகரத்துக்கு நல்லது செய்யத்தான் மோதிரத்தைக் கேட்டான்.

மூன்று இரவுகள் எனக்கு உறக்கமில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். அவர் அதை இன்னும் ஒப்படைக்கவில்லை. அது என் நற்செயல் அல்ல, கிருபை. உண்மையானதை மட்டும் எழுதி வேறொரு கடிதம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அவருடைய மனைவியின் முன்னும் மகனின் முன்னும் அவர் தலைகுனிந்ததை நான் பார்த்தேன். அதன்பின் அந்தக் குடும்பம் கிறிஸ்துமஸ் அன்றும் வரவில்லை. முதல் நாளே, “ஐயா, இப்படி எழுத என்னால் முடியாது, உண்மையாக எழுதக்கூடியதை எழுதித் தருகிறேன்” என்று என் அறையில் தனியாகச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த அவமானம் நேர்ந்திராது.

படத்தின் ஃபாராமிரை நான் விரும்பியது இதனால்தான். அவன் என்னைப்போல இருந்தான். பாதி வழி போய்த் திரும்பியவன். எல்லா மனிதரும் இப்படித்தான், இதற்குமேல் ஒருவனிடம் எதிர்பார்க்க முடியாது என்று அவனைக் காட்டி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் படத்தையே சரியாகப் பார்த்தால் அந்தத் தேறுதல் நிற்காது. ஃபாராமிர் இழுத்துச் சென்றதால்தான் ஃப்ரோடோ ஒஸ்கிலியாத்தில் எதிரியின் தூதனுக்கு எதிரே போய் நிற்கிறான். எல்லாம் அங்கேயே அழிந்துபோக ஒரு மயிரிழைதான் பாக்கி. ஒருவன் தாமதமாக மனந்திரும்பும்போது, அந்தத் தாமதத்தின் விலையை அவன் பக்கத்தில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

இதனால் படத்தின் ஃபாராமிருக்கு நம் ஆண்டவரிடத்தில் இடமில்லை என்று நான் சொல்லவில்லை. மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் இரண்டு குமாரரைப் பற்றிய உவமை இருக்கிறது. திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று முதலில் சொன்னவன் பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான்; தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் அவனே. ஒஸ்கிலியாத்தில் ஃபாராமிர் கைதிகளை விடுவிக்கும்போது, உம்முடைய தகப்பனாரின் சட்டப்படி உம் உயிர் போகும் என்று அவனுடைய வீரன் எச்சரிக்கிறான். போகட்டும் என்று ஏற்றுக்கொள்கிறான் அவன். அந்த இடத்தில் என் கண்கள் ஒவ்வொரு முறையும் நனைகின்றன. மறுதலித்த பேதுருவை மறுபடியும் அழைத்து மந்தையை ஒப்படைத்த ஆண்டவர், பாதி வழியில் திரும்புகிற எவரையும் தள்ளமாட்டார். அவர் தள்ளுகிறவராயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

என் வழக்கு வேறு. பேதுருவைக் காட்டியது படத்தின் குற்றம் அல்ல. யோசேப்பை எடுத்துவிட்டதே குற்றம். விழுந்தவனுக்கு எழுப்புகிற கிருபை உண்டு என்பது நற்செய்தி. நிற்கிறவனையும் நிற்கச் செய்கிற கிருபை ஒன்று உண்டு என்பதும் அதே நற்செய்தியின் மறுபாதி. நம் காலத்துக் கதைகள் முதல் பாதியை விரும்பிச் சொல்கின்றன. இரண்டாம் பாதியைச் சொன்னால், இது நடக்காது என்று சிரிக்கின்றன. அந்தச் சிரிப்பை நம் பிள்ளைகள் தங்களை அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள். விழாமல் இருப்பதே இயலாத காரியம் என்று நம்புகிற பதினெட்டு வயதுப் பிள்ளை, அதற்காக ஆயத்தப்படுவானா?

அந்தத் தம்பிக்கு நான் அன்று சொன்ன பதில் சிறியது. “ஆசைப்படாத ஆள் எங்கே என்று கேட்டாய். உன் சபையிலேயே இருக்கிறார்கள், தம்பி. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன கதைகள் யாருக்கும் தெரியாது. ஏனென்றால், அதன்பின் எதுவும் நடக்கவில்லை.” அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி ஐயா, மறுபடியும் அந்த அத்தியாயத்தைப் படிக்கிறேன்” என்றான்.

பெற்றோரே, இந்தப் படத்தை உங்கள் வளர்ந்த பிள்ளைகளோடு பாருங்கள். போர்க்காட்சிகள் கடுமையானவை, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. பார்த்தபின், ஃபாராமிர் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அவசரப்பட்டுத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பின்பு, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு நாளைப் பற்றியும், சொல்லத் தவறிய ஒரு நாளைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோம். நம்மை அதிகமாய் இழுக்கிறது எது என்று நமக்குத் தெரியும். அது எதிரே இல்லாத ஓர் அமைதியான வேளையில், உணவுக்கு முன் நிற்கும் அந்தச் சில நொடிகளிலாவது, அதற்குரிய பதிலை ஆண்டவருக்கு முன்பாக முடிவு செய்துவைப்போம். கேள்வி வரும் நாளில் பதில் ஆயத்தமாயிருக்கும்.

நம்மை வழுவாதபடி காக்க வல்லவராகிய தேவன் உங்கள் ஒவ்வொருவரோடும் இருப்பாராக. ஆமென்.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் போதகர்